சப்கிளேவியன் லைன்: கைட்வயர் கழுத்துக்கு ஏறுகிறது, என்ன செய்வது?

கேள்வி: ஐசியு பிஜி (தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிலும் முதுநிலை மருத்துவ மாணவர்)
சென்ட்ரல் லைன் போடும்போது வலது சப்கிளேவியனில் (காலர் எலும்புக்கு அடியில் உள்ள பெரிய சிரை) வெய்ன் சுலபமாகக் கிடைக்கிறது, கதீட்டருக்கு வழிகாட்டும் கைட்வயரும் தடையில்லாமல் போகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் கதீட்டர் நுனி இதயப் பக்கம் இறங்காமல் ஜுகுலருக்குள் (கழுத்துச் சிரை) நிற்கிறது. அடிக்கடி இப்படி ஆகிறது. முதுகுக்கு நடுவே துணிச்சுருள் வைப்பதிலும் சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: மயக்கவியல் டாக்டர்
வெய்ன் கிடைத்ததும் நீடிலின் பெவல் (சாய்வாக வெட்டிய நுனி) எந்தப் பக்கம் பார்க்கிறது? நோயாளியின் கால் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வயர் நுனியில் உள்ள ஜே வடிவ வளைவும் அப்படியே. இந்த இரண்டைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்து டிரேப் (கிருமி நீக்கிய துணி) போட்டிருந்தால், வயர் விடும்போது காலர் எலும்புக்கு மேலே உள்ள குழியில் விரலால் ஜுகுலரை அழுத்தச் சொல்லுங்கள். தலையை எதிர்ப்பக்கம் அதிகம் திருப்பாதீர்கள்.

சுருள் பெரிதாக வேண்டாம். தோள் ரொம்பப் பின்னால் போனால் காலர் எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே இடம் குறுகிவிடும். கையை உடலோடு ஒட்டி லேசாகக் கீழ்நோக்கி இழுத்தால் போதும்.

பதில்: ஐசியு கன்சல்டன்ட்
அவர் சொன்னது சரி. ஆனால் எக்ஸ்ரே வரை ஏன் காத்திருக்க வேண்டும்? டைலேட்டர் (துளையை விரிவாக்கும் குழாய்) போடும் முன்பே அல்ட்ராசவுண்டை அதே பக்கக் கழுத்தில் வையுங்கள். ஜுகுலருக்குள் வயர் பளிச்சென்று தெரியும். விழித்திருக்கும் நோயாளி காதுப்பக்கம் ஏதோ செய்கிறது என்றாலும் சந்தேகப்படுங்கள்.

வயரைத் திரும்ப இழுக்கும்போது நீடிலில் மாட்டினால் பலம் கொடுக்காதீர்கள், வயர் அறுந்து உள்ளே போய்விடும். நீடிலையும் வயரையும் ஒன்றாக வெளியே எடுத்துவிடுங்கள். டைலேட்டரைத் தோலும் தசையும் விரியும் அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். முழு நீளமும் உள்ளே போகத் தேவையில்லை. இங்கே தமனி கிழிந்தால் எலும்புக்கு அடியில் இருப்பதால் அழுத்திப் பிடிக்கவே முடியாது. ரத்தம் உறையாத நோயாளிக்கு நான் இந்த இடத்தைத் தொடாததும் அதனால்தான். டயாலிசிஸ் தேவைப்படக்கூடியவருக்கும் வேண்டாம், பின்னாளில் வெய்ன் சுருங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். வலது பக்கம் கிடைக்காவிட்டால் உடனே இடது பக்கம் போகலாமா?

பதில்: ஐசியு கன்சல்டன்ட்
எக்ஸ்ரேயோ நுரையீரல் அல்ட்ராசவுண்டோ பார்த்து நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுதல்) இல்லை என்று உறுதி செய்யாமல் மறுபக்கம் கை வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் காற்று புகுந்தால் சமாளிப்பது கடினம். அப்புறம், ஓரிரு முறை குத்தியும் வெய்ன் வரவில்லை என்றால் சீனியரைக் கூப்பிடுங்கள்.