ஸ்டெயின், சீலர்: வினைநிறம், மேற்காப்பு, ஊறுகாப்பு

வணக்கம்.

கான்கிரீட் தரைக்கு வீட்டிலேயே நிறமேற்றுவது பற்றி எழுதுகிறேன், ஸ்டெயின் (தரைக்கு நிறமேற்றும் கரைசல்), சீலர் (தரையைக் காக்கப் பூசுவது) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். இதுவரை வந்தவை: கறை, அமிலக்கறை, சாயம், முத்திரையிடி, அடைப்பான். எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஆனால் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஸ்டெயின். கறைக்காக வாதாடிய நண்பர், சிவனைக் கறைமிடறன் என்கிறோமே, அங்கே கறை அழுக்கில்லையே, நீங்காமல் தங்கிவிட்ட நிறம்தானே என்று கேட்டார். அழகான வாதம், இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் ‘தரையில் அமிலக்கறை’ என்று இன்று படிப்பவர் அதை எப்படிப் போக்குவது என்றுதான் தேடுவார். சாயமும் சரிவராது, இந்த வேலையில் சாயம் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது: மிக நுண்ணிய நிறப்பொருள், தண்ணீரிலோ அசிட்டோனிலோ கலந்து தெளிப்பார்கள், துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கான்கிரீட்டோடு வினைபுரியாது, வெயில் படும் இடத்தில் வெளிறும்.

அமில ஸ்டெயின் அப்படியில்லை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரும்பு, மாங்கனீசு, செம்பு போன்ற உலோகங்களின் உப்புகளும் சேர்ந்த கரைசல். அமிலம் மேற்பரப்பை லேசாக அரித்துத் திறந்துவிடும். சிமென்ட் இறுகும்போது உண்டான கால்சியம் ஹைட்ராக்சைடோடு அந்த உப்புகள் வினைபுரிந்து, கரையாத நிறச் சேர்மங்களாகத் தரைக்குள்ளேயே தங்கிவிடும். வாளியில் இருக்கும் நிறம் ஒன்று, தரையில் எழும் நிறம் வேறொன்று. பழுப்பு வகைகளும் மங்கிய நீலப்பச்சையும் தவிர அதிகம் கிடைக்காததும், ஒரே தரையில் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளிறியும் மேகம்போல் படர்வதும் இதனால்தான். அதனால் ‘வினைநிறம்’ என்கிறேன். வினைச்சாயம் என்றும் யோசித்தேன், துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயத்தோடு மோதும் என்பதால் விட்டுவிட்டேன். நிறமேறியபின் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுவதற்கு ‘நடுநிலையாக்கல்’ என்ற பாடநூல் சொல்லே போதும்.

அப்புறம் சீலர். எனக்கு ஆதங்கம் இதில்தான். முத்திரை என்பது வேறொரு பொருளுக்கான சொல்லைத் தூக்கி இங்கே ஒட்டியது, அதை விட்டுவிடலாம். அடைப்பான் பாதிதான் சரி, ஏனென்றால் சீலர் என்று விற்பது ஒரே பொருளல்ல. அக்ரிலிக், எப்பாக்சி, பாலியூரித்தேன் எல்லாம் தரைக்கு மேலே படலமாகக் காய்பவை, பளபளப்பும் தரும். சிலேன், சிலாக்சேன் உள்ளே இறங்கித் துளைகளின் சுவரில் படிந்து தண்ணீரை ஒட்டவிடாமல் செய்பவை, துளையை அவை அடைப்பதேயில்லை, ஈரம் ஆவியாக வெளியேற வழி இருக்கும், தரையின் தோற்றமும் பெரிதாக மாறாது.

இது தெரியாமல் நான் என் வீட்டுத் தரையைக் கெடுத்துக்கொண்டேன். சீலர் என்றால் சீலர்தானே என்று, அடியில் ஈரம் இருந்த தரைமேல் அக்ரிலிக் பூசினேன். கீழிருந்து ஏறிய ஈரம் போக வழியில்லாமல் படலத்துக்கு அடியிலேயே தங்க, சில வாரங்களில் தரை முழுக்க வெண்மூட்டம். முழுவதையும் உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. சுமார் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டி 16 மணி நேரம் கழித்து அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்த்திருந்தாலே போதும். ஆனால் அந்தச் சோதனையைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பொருளின் பெயரில் அது மேலே நிற்குமா உள்ளே போகுமா என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லையே! அதனால்தான் ஒரே சொல் போதும் என்பதை ஏற்க முடியவில்லை.

என் முன்மொழிவு: படலமாக நிற்பது ‘மேற்காப்பு’, உள்ளிறங்குவது ‘ஊறுகாப்பு’. மின்காப்பு என்று ஏற்கெனவே புழங்குகிறோம், அந்தக் காப்புதான் இதுவும். ஊறுகாப்பு, கொதிநிலை, உருகுநிலை போல வினைத்தொகை. ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்கலாம், கேட்கட்டும், தீங்கிலிருந்து காப்பது என்று படித்தாலும் பொருள் கெடவில்லை. வினைச்சொல்லுக்குக் ‘காப்பிடுதல்’: வினைநிறம் ஏற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் காப்பிட வேண்டும்.

சோடியம் சிலிக்கேட், லித்தியம் சிலிக்கேட் வகையைச் சிலர் சீலர் என்றே சொல்கிறார்கள். அது சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பைக் கெட்டியாக்குவது, ‘இறுக்கி’ என்று தனியாக வைத்துவிடலாம்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். நீரில் கலந்த அக்ரிலிக் ஸ்டெயின் இருக்கிறதே, அதில் அமிலமும் இல்லை வினையும் இல்லை, வெறும் நிறமியும் பிசினும் மேல்துளைகளில் இறங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஊறுகாப்புக்கு இணையாக ‘ஊறுநிறம்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அது அவ்வளவு ஆழம் இறங்காது என்பது உறுத்துகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.