பாகிஸ்தான் 1948 இடைக்கால நோட்டு: அசலா, பிறகு குத்தியதா?

கேள்வி: பாகிஸ்தான் சொந்த நோட்டு வரும்வரை, இந்திய நோட்டில் தன் பெயர் சேர்த்துப் பயன்படுத்திய இடைக்கால நோட்டு ஒன்று கிடைக்கிறது. ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 10 ரூபாய். மேலே 'கவர்ன்மென்ட் ஆஃப் பாகிஸ்தான்' என்று ஆங்கிலத்திலும் கீழே அதே உருதுவிலும் இருக்கிறது. கையெழுத்து அப்போதைய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் தேஷ்முக்குடையது, பின்பக்கம் எதுவும் சேர்க்கவில்லை. நம்பி வாங்கலாமா?

பதில் 1: கையெழுத்து, மாறாத பின்பக்கம் இரண்டும் சரிதான். முன்பக்கம் மட்டுமே மாற்றினார்கள். வந்தவை 1, 2, 5, 10, 100 ரூபாய். வேறு மதிப்பு காட்டினால் விட்டுவிடுங்கள். எழுத்து அச்சுத் தகட்டிலேயே பொறித்தது, முத்திரை அல்ல. பத்து மடங்கு லென்ஸில் மடிப்பைப் பாருங்கள். அசலில் மடிப்போடு எழுத்தும் தேய்ந்திருக்கும். பழைய இந்திய நோட்டில் பிறகு குத்தியிருந்தால் மை மடிப்புக்குள் இறங்கி, அழுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும்.

பதில் 2: நோட்டுக் கட்டைச் சேர்க்கப் பின் (ஊசி) அடித்த துளைகளுக்காக ஒதுக்க வேண்டாம். கழுவுவதும் இஸ்திரி போடுவதும் கூடவே கூடாது. பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டும். மைலார் (பாலியஸ்டர் படலம்) உறையில் வையுங்கள்.