இரண்டு வருஷ லிபரல் ஆர்ட்ஸ் பட்டம்: பொதுப்பாடம் முதலிலா, மேஜர் முதலிலா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
குடும்பத்தோடு கிரீன் கார்டில் கலிபோர்னியா போகிறோம், சேக்ரமென்டோ பக்கம், மச்சான் வீட்டுக்கு அருகில். மகள் பத்தாவது வரை தமிழ் வழி, அப்புறம் பிளஸ் டூ ஹியூமானிட்டீஸ். அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷ அசோசியேட் பட்டம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷத்துக்குப் பெரிய பல்கலைக்கு மாறுவதாக எண்ணம். சைக்காலஜி இல்லாவிட்டால் எகனாமிக்ஸ் என்கிறாள், இன்னும் முடிவாகவில்லை. முதல் வருஷம் பொதுப்பாடங்களை முடித்துவிடு, அதற்குள் மேஜர், அதாவது முக்கியப் பாடம், எது என்று தெளிவாகிவிடும் என்று மச்சான் சொல்கிறார். அது சரிதானா? அந்தப் பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரத்தான்:
அண்ணா, சரியில்லை. நான் அதே வழியில் படித்து மாறியவன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பட்டத்துக்கு 60 யூனிட் (கிரெடிட்). அதில் கால்-கெட்சி என்கிற பொதுப்பாடத் தொகுப்பு 34 யூனிட், பதினொரு பாடம், 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இதுதான் நடப்பு. சில பாடங்கள் பொதுப்பாடத்துக்கும் மேஜருக்கும் சேர்த்தே கணக்கில் வரும், மேஜருக்கு வேண்டிய மற்ற அடிப்படைப் பாடங்கள் மீதி 26 யூனிட்டில் அடங்க வேண்டும். பொதுப்பாடத்தை எல்லாம் முதல் வருஷமே முடித்தால், அடுத்த வருஷம் ஒன்றுக்கு ஒன்று முன்தேவையான பாடங்கள் வரிசையாக நிற்கும், ஒரே செமஸ்டரில் இரண்டையும் எடுக்க முடியாது. எகனாமிக்ஸ் என்றால் கால்குலஸ் கேட்பார்கள். ஹியூமானிட்டீஸ் பிள்ளை நேராகக் கால்குலஸில் உட்கார முடியுமா? அதற்கு முன்படியான ப்ரீகால்குலஸில் தொடங்கி ஏற வேண்டி வரலாம். இன்னொன்று, யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைகளுக்கு விண்ணப்பிப்பது இரண்டாம் வருஷ நவம்பர் கடைசிக்குள். அப்போது கையில் இருப்பது முதல் வருஷ மார்க்தான், மூன்றாம் செமஸ்டர் மார்க்கை ஜனவரியில்தான் சேர்க்கலாம். அந்த முதல் வருஷத்தில் மேஜர் பாடம் ஒன்றுகூட இல்லை என்றால் எதைப் பார்த்து எடுப்பார்கள்? மேஜரையும் போக வேண்டிய பல்கலையையும் முதலில் முடிவு பண்ணி, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடச் சொல்லுங்கள்.

சித்தூர் அக்கா:
தம்பி சொல்கிற கணக்கு சரி, ஆனால் பதினெட்டு வயசுப் பிள்ளையிடம் இப்பவே மேஜரை முடிவு பண்ணு என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இங்கே கேரளத்தில் 2024இல் நாலு வருஷப் பட்டப்படிப்பு வந்தபோது மேஜர், மைனர், பிற துறைப் பாடம் என்று எல்லாம் பிள்ளைகள் கையில்தான் கொடுத்தார்கள். என் வீட்டுப் பையன் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, கூட்டாளி எதை எடுக்கிறான், எந்த வகுப்பு முடிந்தால் கோயம்புத்தூர் பஸ் கிடைக்கும் என்று பார்த்துத்தான் டிக் அடித்தான். லிபரல் ஆர்ட்ஸ் என்பதே பல துறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றில் இறங்குவதற்காக. அந்த இரண்டு வருஷத்தையும் அவசரமாக ஒரே குழாயில் விட்டால், அப்புறம் எதற்கு அந்தப் பட்டம்? பொதுப்பாடம் என்ன வீண் பாடமா? அந்த பதினொன்றில் ஆய்வகத்தோடு அறிவியல் இருக்கிறது, மேடைப்பேச்சு இருக்கிறது, கலை இருக்கிறது, பல இனச் சமூகங்களைப் பற்றிய எத்னிக் ஸ்டடீஸ் இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் வேறெங்கே கிடைக்கும்?

மீனாட்சிபுரத்தான்:
அக்கா, வீண் என்று நான் சொல்லவில்லை. எதை எப்போது எடுப்பது என்பதுதான் என் பேச்சு. அசிஸ்ட் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைகளுக்கும் பொதுவானது. கம்யூனிட்டி காலேஜ், சேர விரும்பும் பல்கலை, மேஜர், மூன்றையும் கொடுத்தால் ஒரு பக்கம் திறக்கும். இடது பக்கம் பல்கலையின் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம். சில வரிகளில் வலது பக்கம் ஈடான பாடமே இல்லை என்று இருக்கும். அதைப் பார்க்காமல் பாடம் எடுத்தவர்கள், யூனிட் நிறைய சேர்ந்தும் மேஜருக்கு ஒன்றும் கணக்கில் வராமல் நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மேஜர் மனசில் இருந்தால் இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

சித்தூர் அக்கா:
அப்படி வைத்துப் பார்த்தால் என் பக்கம்தான் ஜெயிக்கும் தம்பி, நானே பார்த்துவிட்டு வந்தேன். கால்-கெட்சியில் சமூக அறிவியலுக்கு இரண்டு பாடம், இரண்டும் வேறு வேறு துறையில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு அறிமுக சைக்காலஜி, இன்னொன்றுக்கு மைக்ரோ எகனாமிக்ஸ் எடுத்தால் பொதுப்பாடமும் ஆச்சு, இரண்டு மேஜரையும் ருசி பார்த்தமாதிரியும் ஆச்சு. கணக்குக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ். சிஎஸ்யு (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பல்கலைகளுக்கு மாறிப் போவதற்கான அசோசியேட் பட்டத்தில் சைக்காலஜிக்கும் அது வேண்டும், எகனாமிக்ஸுக்கும் வேண்டும். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எல்லாருக்கும் கட்டாயம், அதை முடித்தால்தான் கிரிட்டிகல் திங்கிங் பாடத்துக்கே விடுவார்கள், ஆகவே அதுவும் முதல் செமஸ்டரில். இந்த நாலும் பொதுப்பாடம்தானே? முடிவு பண்ணாமலே முதல் செமஸ்டர் உருப்படியாகப் போய்விட்டதே.

மீனாட்சிபுரத்தான்:
இதை ஒத்துக்கொள்கிறேன், நல்ல நாலு பாடம். ஆனால் இரண்டாம் செமஸ்டரில் கணக்கு வரிசையைத் தொடங்காமல் விட்டால் எகனாமிக்ஸ் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். பிள்ளை வேண்டாம் என்று சொல்லி விட்டால் பரவாயில்லை. தெரியாமல் போகக் கூடாது, அதுதான் என் ஒரே கவலை.

கோவிந்தாபுரம்:
இரண்டு பேரும் காசைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளூர்க்காரருக்கு ஒரு யூனிட் 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்தான். ஆனால் அங்கே ஒரு வருஷமும் ஒரு நாளும் வசித்தால்தான் அந்தக் கட்டணம். இப்போது போய் ஆகஸ்டில் சேர்ந்தால் வெளியூர்க் கட்டணம், யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கூடுதல், கிரீன் கார்டு இருந்தாலும் அப்படித்தான். ஸ்டூடண்ட் விசாக்காரர் செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தாக வேண்டும், உங்கள் மகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் வருஷம் செமஸ்டருக்கு இரண்டு பாடம் போதும். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாராவாரம் கட்டுரை எழுதுவதே பெரிய வேலை, அதோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் எடுக்கட்டும். அடுத்த செமஸ்டரில் சைக்காலஜியும் மைக்ரோவும். அப்புறம் முழுவீச்சில் போகலாம்.

மீனாட்சிபுரத்தான்:
அப்படியானால் இரண்டு வருஷப் படிப்பு மூன்று வருஷம் ஆகும் அண்ணா.

கோவிந்தாபுரம்:
ஆகட்டும். ஆயிரக்கணக்கான டாலர் கடனோடு இரண்டு வருஷத்தில் முடிப்பதைவிட மேல். முதல் செமஸ்டரில் மார்க் விழுந்தால் அது ஆவணத்தில் நிற்கும், மாறுதலுக்குப் போகும்போது அதையும் சேர்த்துத்தான் சராசரி பார்ப்பார்கள். இன்னொரு விஷயம், கிளம்பும் முன் தமிழ் வழியில் படித்ததற்குப் பள்ளியில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்று தெளிவாக. யூசியில் சில கல்லூரிகள் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி கேட்கும், அங்கே இதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே போனபிறகு சித்தூர் பள்ளிக்கு மெயில் போட்டுக் காத்திருப்பது வேலைக்காகாது.

சித்தூர் அக்கா:
சான்றிதழ் விஷயம் அருமை. பாடத்தைக் குறைப்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் செமஸ்டருக்கு இரண்டு என்றால் பிள்ளை பாதி நேரம் வீட்டில் உட்கார்ந்திருப்பாள், கூட்டாளிகள் சேர மாட்டார்கள். மூன்று எடுக்கட்டும், மூன்றாவது மேடைப்பேச்சு. புது ஊரில் வாய் திறந்து பேச அது ஒரு வகுப்பு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். முதல் செமஸ்டர் ஆங்கிலக் கட்டுரை, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மேடைப்பேச்சு என்று எழுதி வைத்திருக்கிறோம். மூன்றா இரண்டா என்பது அங்கே கவுன்சிலரிடம் கட்டணத்தைக் கேட்டபிறகு. அசிஸ்ட் பக்கம் இரண்டையும் இன்று இரவே எடுக்கிறோம். பள்ளிக்கு நாளைக்கே போகிறேன். கால்குலஸைப் பற்றிக் கேட்டதும் இங்கே இருக்கும்போதே பிளஸ் ஒன் கணக்கைப் படிக்கத் தொடங்குகிறேன் என்கிறாள், அதனால் சயன்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகளின் பழைய கணக்குப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.