தாய்லாந்தில் வீடு மாறினால்: டிஎம் 30 சீட்டும் மற்றதும்

தாய்லாந்தில் வாடகை வீட்டில் இருக்கும் வெளிநாட்டவர்களுக்காக, பாங்காக், ஜோம்தியன் (பட்டாயா பக்கம்), சியாங் மாய் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து மாறி மாறி எழுதிய குறிப்புகள் இவை. வீடு மாறினால் குடிவரவு அலுவலகத்தில் என்ன செய்ய வேண்டும், மஞ்சள் புத்தகம் எப்படி வாங்குவது என்ற கேள்விகளுக்குப் பதில்.

பாங்காக்கிலிருந்து

வீடு மாறுகிறவர்கள் முதலில் குழம்புவது, புது முகவரியை யார் போய்ச் சொல்ல வேண்டும் என்பதில்தான். 1979-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் இரண்டு கடமைகள் தனித்தனியாக இருக்கின்றன. 38-ஆம் பிரிவு வீட்டுக்காரருக்கு. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர் தெரிவிக்க வேண்டும். படிவம் டிஎம் 30. 37-ஆம் பிரிவு வெளிநாட்டவரான நமக்கு. இருப்பிடம் மாறினால் நாமும் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்கு டிஎம் 28. ஆனால் நடைமுறையில் குடிவரவு அலுவலகக் கவுண்டரில் கேட்பது டிஎம் 30-ஐத்தான். விசா நீட்டிப்பு, இருப்பிடச் சான்றிதழ், 90 நாள் அறிக்கை (தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரியைத் தெரிவிப்பது) எதற்குப் போனாலும் கணினியில் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

"ஓனர் வரமாட்டேன் என்கிறார், என்ன செய்வது?" என்ற கேள்விக்குப் பதில் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. வீட்டுக்காரர் என்றால் சொந்தக்காரர் மட்டும் இல்லை. வாடகைக்கு எடுத்து வீட்டைத் தன் வசம் வைத்திருப்பவரும் அதில் அடக்கம். ஆக, வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருந்தால் நீங்களே டிஎம் 30 கொடுக்கலாம். உங்களை வீட்டுக்காரராக ஏற்றுக்கொண்டாலும் ஓனரின் காகிதங்களைக் கேட்காமல் விடமாட்டார்கள். அங்கேதான் எல்லாரும் மாட்டுவது.

ஜோம்தியனிலிருந்து

அந்தக் காகிதங்கள் இவை. ஓனரின் அடையாள அட்டை நகல். தாபியன் பான், அதாவது நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகல். முகவரி உள்ள பக்கமும் பெயர்கள் உள்ள பக்கமும் சேர்த்து. வாடகை ஒப்பந்தம். உங்கள் பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கம், விசா, கடைசியாக உள்ளே வந்த முத்திரை, நீட்டிப்பு முத்திரை இருந்தால் அதுவும். ஓனர் சார்பில் நீங்கள் போகிறீர்கள் என்றால் அதிகாரக் கடிதம் ஒன்று, அதில் 10 பாட் வருவாய் முத்திரை.

நகலை வாட்ஸப்பிலோ லைன் செயலியிலோ வாங்கிப் பிரிண்ட் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஓனரின் ஒவ்வொரு நகலிலும் "சம்னாவ் தூக் தோங்" (உண்மை நகல்) என்று எழுதி அவர் பேனாவால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு குறைதான் காரணம். ஓனர் வெளிநாட்டில் இருந்தால் இதற்கே இரண்டு வாரம் ஓடிவிடும். அதனால் டெபாசிட் கொடுக்கும் முன்பே "டிஎம் 30-க்கு நகல்கள் கையெழுத்தோடு வேண்டும்" என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். பணம் கை மாறிய பிறகு கேட்டால் பதில் வராது!

தாமதமானால் 38-ஆம் பிரிவு மீறலுக்கு உச்ச அபராதம் 2,000 பாட். முதல் தடவைக்கு 800 பாட் என்பது பரவலாகக் கேட்கும் தொகை. சட்டப்படி அது வீட்டுக்காரர் தலையில். ஆனால் கவுண்டரில் நிற்பது நீங்கள், அவசரமும் உங்களுக்குத்தான். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுக்கொள்வது நல்லது.

சியாங் மாயிலிருந்து

ஆன்லைனில் செய்கிறவர்களுக்கு. குடிவரவுத் துறையின் தளத்தில் முதலில் வீட்டைப் பதிவு செய்து கணக்கு வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் உடனே வராது, சில நாட்கள் பிடிக்கலாம். 24 மணி நேரக் கெடு அதற்காகக் காத்திருக்காது. ஆகவே முதல் தடவை நேரில் கொடுத்துவிட்டு, அடுத்த தடவைக்குக் கணக்கைத் தயார் செய்துகொள்வதே என் யோசனை. கணக்கு அந்த வீட்டோடு கட்டப்பட்டது என்பதையும் மறக்காதீர்கள். வீடு மாறினால் புது வீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

முகவரியைப் பிரித்து எழுதுவதில் தவறு நிறைய. 99/145 மாதிரி சாய்கோட்டோடு வருவது வீட்டு எண். கான்டோ அறைக் கதவில் உள்ள எண் வேறாக இருக்கலாம். தாபியன் பானில் உள்ளதையே எழுதுங்கள். அதற்கடுத்து மூ (கிராம எண்), சோய் (சந்து), சாலை. பாங்காக்கில் க்வேங் (துணை வட்டம்), கேட் (வட்டம்). மற்ற மாகாணங்களில் அவையே தம்போன், அம்பூ. கூகுள் மேப் காட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பினால் தளத்தின் பட்டியலில் உங்கள் தம்போன் அகப்படாது. தாய் எழுத்தில் உள்ளதை நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள்.

மாகாணம் விட்டு மாகாணம் போனால் பழைய அலுவலகத்தை மறந்துவிடலாம். புது ஊரின் குடிவரவு அலுவலகத்தில் டிஎம் 30. அந்த மாகாணத்தில் அலுவலகமே இல்லையென்றால் உள்ளூர் போலீஸ் நிலையம்.

பாங்காக்கிலிருந்து

வீடு மாறினால் 90 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இல்லை. நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால்தான் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், உள்ளே வந்த நாளையும் சேர்த்து. அந்த அறிக்கைக்கான படிவமான டிஎம் 47-ஐ நேரில் கொடுக்க, கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. ஆன்லைனில் அந்தப் பின் சலுகை கிடையாது. முன்கூட்டியே அனுப்ப வேண்டும். தவறவிட்டு நீங்களாகப் போனால் 2,000 பாட்.

வீடு மாறிய கையோடு ஆன்லைனில் 90 நாள் அறிக்கை அனுப்பினால் நிராகரிப்பு வர வாய்ப்பு அதிகம். அவர்கள் பதிவில் பழைய முகவரி, உங்கள் அறிக்கையில் புதியது, இரண்டும் ஒட்டாது. முதலில் டிஎம் 30 ஏறட்டும், மாறிய பின் வரும் முதல் அறிக்கையை நேரில் கொடுங்கள்.

ஜோம்தியனிலிருந்து

ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோட்டலில் ஒரு இரவு தங்கினாலும் அந்த ஹோட்டல் உங்களைப் பதிவு செய்துவிடும். 2020 ஜூன் இறுதியில் வந்த விதியால், அதே வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி டிஎம் 30 வேண்டாம். ரீ-என்ட்ரி அனுமதியில் (விசா ரத்தாகாமல் திரும்பி வர முன்கூட்டி வாங்குவது) வெளிநாடு போய் வந்தாலும் அப்படியே. இருந்தும் விசா நீட்டிப்புக்கு முந்தைய வாரம் ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ளச் சொல்வேன். விதி ஒன்று, கவுண்டர் ஒன்று.

சியாங் மாயிலிருந்து

மஞ்சள் புத்தகம் (தோ ரோ 13), அதாவது வெளிநாட்டவருக்கான வீட்டுப் பதிவுப் புத்தகம், பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது குடிவரவுத் துறை வேலை இல்லை, அம்பூ அலுவலகத்து வேலை. டிஎம் 30-க்கு மாற்றும் அல்ல. வீட்டுக்காரர் நேரில் வரவேண்டும், தாய் சாட்சிகள் இருவர் கேட்பார்கள், பாஸ்போர்ட்டின் தாய் மொழிபெயர்ப்பு வெளியுறவுத் துறையில் சான்று பெற்றிருக்க வேண்டும். புத்தகத்தில் பெற்றோர் பெயர் ஏறும். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டில் அது கடைசிப் பக்கத்தில் இருந்தால், மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் பெயர்களைத் தாய் எழுத்தில் மூன்று விதமாக எழுதலாம். மொழிபெயர்ப்பாளர் ஒரு விதம், வேலை அனுமதிச் சீட்டில் வேறு விதம் என்று போனால் அம்பூ அதிகாரி நிறுத்திவிடுவார். ஏற்கெனவே கையில் உள்ள தாய் ஆவணத்தின் நகலைக் கொடுத்து, "இதே எழுத்து" என்று சொல்லிவிடுங்கள்.

புத்தகம் கிடைக்கும் வரை ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டிப் பதிவேட்டில் முகவரி மாற்றவும் குடிவரவு அலுவலகம் தரும் இருப்பிடச் சான்றிதழ் போதும். இரண்டு புகைப்படம் எடுத்துப் போங்கள். உரிமத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று எனச் சான்றிதழின் அசலைத் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டாக வாங்கிவிடுவது மேல். மதியம் 12 முதல் 1 வரை கவுண்டர் மூடியிருக்கும்.