கமென் ரைடர் ஃபோர்ஸே முதல் எபிசோட், பாதிக்கு மேல சப்டைட்டில் லேட்டா வருது, உதவுங்க

ஜப்பான் சூப்பர்ஹீரோ சீரியல் இது, 2011 செப்டம்பர் 4ல டிவி அசாஹி சேனல்ல வந்த முதல் எபிசோட்தான். ஒரிஜினல் ஜப்பான் டிவிடி வச்சிருக்கேன், ரீஜன் 2 (ஜப்பான் டிஸ்க்குக்கான ஏரியா கோடு). அதுல ஜப்பானீஸ் மட்டும்தான், அதனால இங்கிலீஷ் எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைல் தனியா போட்டு லேப்டாப்ல விஎல்சி ப்ளேயர்ல பாக்குறேன்.

ஹீரோ கென்தாரோ, அமானோகவா ஹைஸ்கூல்ல புதுசா சேர்ந்து ஸ்கூல்ல எல்லாரையும் ஃப்ரெண்டாக்குவேன்னு நிக்கிற வரைக்கும் சப்டைட்டில் கரெக்ட்டா வருது. நடுவுல டிவில விளம்பர இடைவேளை வர்ற எடம் தாண்டுனதும் 15 செகண்ட் லேட். ட்ரைவர (உருமாற உதவுற பெல்ட்) மாட்டி 3, 2, 1னு கவுண்ட்டவுன் ஓடி ஹென்ஷின்னு (உருமாற்றம்) கத்துறான், கீழ என்னன்னா அவன் ஃப்ரெண்டு யூகி எப்பவோ பேசுனது ஓடிட்டு இருக்கு, சீனே போச்சு.

சனிக்கிழமைலருந்து போராடுறேன். விஎல்சில ஜி அழுத்தி முன்னாடி இழுத்தா பின்பாதி சரியாகுது, ஆனா முன்பாதி கெட்டுடுது. வேற எஸ்ஆர்டி போட்டேன், அதுவும் அதே எடத்துல அதே 15 செகண்ட். ஃப்ரேம் ரேட் பிரச்சனையோன்னு மாத்திப் பாத்தேன், அதுன்னா கொஞ்சம் கொஞ்சமாத்தான விலகும், இது ஒரே எடத்துல டக்குனு குதிக்குது. ஃபைல் டிவில வந்த வெர்ஷனுக்கு போட்டதுன்னு நெனைக்கிறேன். லேப்டாப் டிவிடி ட்ரைவோட ரீஜன வேற மாத்தியாச்சு, அஞ்சு தடவதான் மாத்த முடியும், அதனால டிஸ்க்க மாத்துங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.

இடைவேளைக்கு அப்புறம் வர்ற வரிகள மட்டும் மொத்தமா 15 செகண்ட் முன்னாடி தள்ள எந்த சாஃப்ட்வேர்ல எப்படி பண்ணணும்?