பெர்லினில் விழுந்த குண்டு: டெஹ்லிரியன் செய்தது சரியா?

செங்கதிர்:
1921 மார்ச் 15, பெர்லின். சோகோமோன் டெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர், நடுத்தெருவில் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றார். 1915-இல் ஆர்மீனியர்களை ஊர் ஊராக விரட்டி அழித்த ஒட்டோமன் (அன்றைய துருக்கிப் பேரரசு) உள்துறை அமைச்சர்தான் தலாத். 1919-இல் சொந்த நாட்டு நீதிமன்றமே மரண தண்டனை விதித்தும், ஜெர்மனியில் வேறு பெயரில் நிம்மதியாக இருந்தார். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரம் கூடிப் பேசி டெஹ்லிரியனை விடுவித்தார்கள். நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

முல்லைக்கொடி:
இது பாதிக் கதை. அவர் தனியாள் இல்லை, தஷ்நாக் என்ற ஆர்மீனியக் கட்சி ஆள் தேர்ந்து அனுப்பியது. தாயைக் கண்ணெதிரே கொன்றார்கள் என்று கோர்ட்டில் சொன்னார். உண்மையில் அப்போது அவர் ஊரிலேயே இல்லை.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். 1973-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யானிக்கியான் என்ற 77 வயது ஆர்மீனியர், ஓவியம் தருவதாகச் சொல்லி துருக்கித் தூதரக அதிகாரிகள் இருவரை ஓட்டலுக்கு வரவழைத்துச் சுட்டார். இருவருமே 1915-க்குப் பிறகு பிறந்தவர்கள். இரண்டு வருடத்தில் பெய்ரூட்டில் அசாலா என்ற ஆர்மீனிய ஆயுதக் குழு முளைத்தது. 1983-இல் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் அவர்கள் வைத்த குண்டுக்கு 8 பேர் பலி. பெட்டியோடு வரிசையில் நின்ற பயணிகளுக்கும் தலாத்துக்கும் என்ன சம்பந்தம்?

செங்கதிர்:
ஓர்லியை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். தலாத் வேறு, பயணிகள் வேறு. தாய் சாகும்போது டெஹ்லிரியன் பக்கத்தில் இல்லை, சரி. அதனால் தாய் சாகவில்லை என்று ஆகிவிடுமா? வலிப்பும் தூக்கமின்மையும் அவரை எப்படி வதைத்தன என்று டாக்டர்களே கோர்ட்டில் சொன்னார்கள்.

பனங்காடு:
நான் யாழ்ப்பாணம், இப்போது ஜெர்மனி. என் அண்ணனை வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவரை இங்கே ஒரு தேர்த் திருவிழாவில் கண்டேன். முகம் மாறியிருந்தது. அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, “தண்ணி கொஞ்சம் தாங்கோ” என்று கேட்டார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கையிலிருந்த தட்டு சரிந்து சாம்பார் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் தோளில் ஒரு சின்னப் பிள்ளை.

அன்றிரவு அவரைக் கொல்லும் எண்ணம் வந்தது. நானும் மனைவியும் கதைத்ததைக் கேட்டுவிட்டு, இங்கே பிறந்த என் மகன், “அந்த ஆளின் வீடு எங்கே அப்பா?” என்றான். அவன் கேட்ட விதத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

சிரியர்கள் இதே பெர்லினில் வேறு வழி போனார்கள். டமாஸ்கஸில் தன்னைக் கைது செய்த சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ராஸ்லானை, அன்வர் அல் புன்னி என்ற வழக்கறிஞர் அகதி முகாம் பக்கத்தில் கண்டார். பிறகு ராஸ்லான் மேல் வழக்கு நடந்தபோது புன்னியும் சாட்சி சொன்னார். 2022 ஜனவரியில் இங்குள்ள கோப்லென்ஸ் நகர நீதிமன்றம், 27 கொலைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் பட்ட சித்திரவதைக்கும் ராஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. எங்கே நடந்த போர்க்குற்றமானாலும் இங்கே விசாரிக்க 2002-இலிருந்து சட்டம் இருக்கிறது.

செங்கதிர்:
அண்ணா, மன்னியுங்கள், கேட்டே ஆகவேண்டும். ராஸ்லான் ஒரு கர்னல். அவருக்கு மேலே இருந்த சிரிய அதிபர் அசாத் 2024 டிசம்பரில் மாஸ்கோவுக்கு ஓடிப்போய் அடைக்கலம் வாங்கிக்கொண்டார். பெர்லினில் தலாத் இருந்ததும் இதுவும் ஒன்றுதானே? கோப்லென்ஸ் கதவு பெரியவர்களுக்குத் திறப்பதில்லை.

முல்லைக்கொடி:
திறக்கவில்லை என்றால் திறக்க வைக்கவேண்டும். இனப்படுகொலை (genocide) என்ற சொல்லைப் பின்னாளில் உருவாக்கிய சட்ட அறிஞர் லெம்கின், டெஹ்லிரியன் வழக்கு நடந்தபோது இளைஞர். தலாத்தைக் கைது செய்து விசாரிக்க ஏன் சட்டமில்லை என்று பேராசிரியரிடம் கேட்டார். அடுத்த தலாத்தைச் சுட அவர் ஆள் தேடவில்லை. 1948-இல் இனப்படுகொலைக்கு எதிரான ஒப்பந்தம் வரும்வரை ஓயவில்லை.

செங்கதிர்:
அந்தக் கேள்வி அவர் மனதில் எழக் காரணமே அந்தத் துப்பாக்கிதான். அதை எப்படி மறைப்பீர்கள்? பனங்காடு அண்ணா, அந்த ஆள் மேல் வழக்குப் போட முடியுமா?

பனங்காடு:
ஒரு வக்கீலைப் பார்த்தேன். சாட்சி வேண்டும் என்றார். அண்ணனோடு அடைபட்டிருந்து தப்பிய ஒருவர் கனடாவில் இருக்கிறார். அவர் என் போனை எடுப்பதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.