பீச் கலர் குர்தா ஐந்து பேருக்கு: எந்த ஷேட், எந்தத் துணி, எத்தனை மீட்டர்?

தென்காசிச்சாரல்:

வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம். முந்தைய நாள் காலை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நலங்கு, மாலையில் ஏசி மண்டபத்தில் வரவேற்பு. வரவேற்புக்குப் பெண் வீட்டு ஆண்கள் ஐந்து பேரும் பீச் கலர் குர்தா போடுவது என்று பேசி முடித்தாயிற்று. வயது 14 முதல் 58 வரை. மார்பளவு 34, 38, 40, 40, 46. மாநிறமும் உண்டு, நல்ல கருப்பும் உண்டு.

ஆன்லைனில் பீச் என்று தேடினால் ஒன்று ரோஸாக வருகிறது, ஒன்று ஆரஞ்சாக, ஒன்று கிட்டத்தட்ட சந்தனமாக. எதை எடுப்பது? ரெடிமேடா, துணி எடுத்துத் தைப்பதா? தைத்தால் எத்தனை மீட்டர்? கருப்பாக இருப்பவர்களுக்கு இந்தக் கலர் எடுக்காது என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா? கீழே வேட்டியா, சுடிதாரா? உள்ளே பனியன் தெரியாமல் இருக்க என்ன வழி?

சாயத்தொட்டி:

பீச் என்பது ஒரே நிறம் இல்லை. இளஞ்சிவப்புக்கும் இளம் ஆரஞ்சுக்கும் இடையில் நீளும் ஒரு வரிசை. அதனால்தான் ஆளுக்கொரு இடத்தில் வாங்கினால் மேடையில் ஐந்து கலராக நிற்க நேரும். ரெடிமேடிலும் அளவுக்கு அளவு சாய லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி, மாறலாம். 34-ம் 46-ம் ஒரே லாட்டில் வந்தவை என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். துணி எடுத்துத் தையுங்கள். ஒரே ரோலில், ஒரே நாளில், ஐந்து பேருக்கும் சேர்த்து வெட்டி வாங்குங்கள். அரை மீட்டர் குறைகிறதென்று அடுத்த வாரம் போனால் அதே எண் போட்ட துணி வேறு லாட்டில் வந்திருக்கும். இந்த வெளிர் நிறங்களில் அந்த வித்தியாசம் கண்ணில் குத்தும். கருநீலத்தில் தெரியாத பிசகு பீச்சில் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். கடையில் வெள்ளை விளக்கு, மண்டபத்தில் பெரும்பாலும் மஞ்சள் விளக்கு. மஞ்சள் விளக்கில் பீச் ஆரஞ்சுப் பக்கம் சாயும். வெள்ளை விளக்கில் வெளுத்துத் தெரியும். மேடையில் ரோஸ், ஊதா எல்.இ.டி. போட்டால் முழுக்க ரோஸாகிவிடும். பச்சை விளக்கு விழுந்தால் சேறு மாதிரி மங்கிப்போகும், அதை மட்டும் மேடை அலங்காரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி நிறுத்துங்கள். உங்களுக்கு நிகழ்ச்சி மாலையில், மஞ்சள் வெளிச்சத்தில். ஆகவே கடையில் பார்க்கும்போது கொஞ்சம் ரோஸ் கலந்ததாகத் தெரியும் பீச்சை எடுங்கள், மண்டபத்தில் அது சரியான பீச்சாக வந்து நிற்கும். ஏற்கெனவே ஆரஞ்சாக இருப்பதை எடுத்தால் அங்கே காவியாகிவிடும். ஒரு சாண் துண்டு வாங்கி வாசல் வெயிலிலும் வீட்டு மஞ்சள் பல்பிலும் பார்த்துவிட்டு மறுநாள் போய் மொத்தமாக எடுக்கலாம், ஆனால் அந்த ரோலை உங்கள் பெயருக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒருவருக்குப் பட்டு, ஒருவருக்குப் பருத்தி என்று கலக்க வேண்டாம். பருத்திக்கு ஒருவகைச் சாயம், பட்டுக்கு வேறு, பாலியஸ்டருக்கு இன்னொன்று. கடை வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போன இரண்டு துணி, வெயிலில் பிரிந்துவிடும்.

கருப்பான உடம்புக்குப் பீச் எடுக்காது என்பது தவறு. எடுக்கும், அழகாகவே எடுக்கும். தோல் நிறத்தோடு ஒட்டிப்போகும் நிறம்தான் ஆளை மங்கலாக்கும். வெளிர் பீச்சில் அந்தச் சிக்கல் நல்ல சிவப்பாக இருப்பவர்களுக்குத்தான் வரும். கருப்பிலும் மாநிறத்திலும் தவிர்க்க வேண்டியது சாம்பல் கலந்த மங்கல் பீச்சையும் மிக வெளிறிய பீச்சையும். வெளிறியதில் சிக்கல் கேமராவால் வருவது. முகம் தெளிவாக விழும்படி வெளிச்சத்தைக் கூட்டினால் துணி வெள்ளையாக எரிந்துபோய், நிறமே இல்லாமல் படத்தில் விழும். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு படி ஆழமான பீச் எடுங்கள், எல்லோருக்கும் பொருந்தும். சாட்டின் மாதிரிப் பளபளப்பு வேண்டாம், ஃபிளாஷ் அடித்தால் தோளிலும் வயிற்றிலும் வெள்ளைத் திட்டு விழும்.

கத்தரிமேசை:

மீட்டர் கணக்கைச் சொல்றேன், கடையில 'ஆளுக்கு 3 மீட்டர்'னு கண்ணை மூடிக்கிட்டு வெட்டிடுவாங்க. துணி அகலம் என்னன்னு முதல்ல கேளுங்க. 44 அங்குலமா, 58 அங்குலமா?

மார்பு 40-க்கு 4 அங்குலம் லூஸ் விட்டா 44. முன்பக்கம் பாதி 22, தையலுக்கு 2 சேர்த்து 24. நீளம் 42 வச்சா, மடிப்போட 45. 44 அகலத்துல முன்னும் பின்னும் பக்கத்துல பக்கத்துல உட்காராது, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வரணும். 45 ரெண்டு தடவை, 90 அங்குலம். பக்கத்துல மிச்சமிருக்கிற 20 அங்குலத்துல ரெண்டு கையும் வந்துடும். காலர், பட்டி, சுருக்கம் எல்லாம் சேர்த்து 2.75 மீட்டர் போதும். 58 அகலம்னா முன்னும் பின்னும் பக்கத்துலயே உட்கார்ந்துடும், கைக்கு மட்டும் கீழ 26 அங்குலம். 2.25 மீட்டர்ல முடிஞ்சிடும்.

46 மார்புக்காரருக்குத்தான் கவனம். அவருக்கு ஒரு பக்கம் 27 அங்குலம் வரும். 44 அகலத்துல மிச்சம் 17 தான், அதுல அவரோட கை உட்காராது. கையைக் கீழ தனியா வெட்டணும். 3.25 மீட்டர் எடுங்க. மத்தவங்களுக்கு எடுத்த கணக்குல எடுத்தா கையில ஒட்டுப் போட வேண்டி வரும், வெளிர் துணியில ஒட்டு பளிச்சுனு தெரியும்.

பருத்தியோ லினனோ எடுத்தா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில போட்டு நிழல்ல காயவைங்க. பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 42 அங்குல குர்தாவுல அது ஒண்ணேகால்ல இருந்து 2 அங்குலம். முழங்கால்ல நின்னது ஒரே துவைப்புல மேல ஏறிடும். ஐந்து பேர் துணியையும் ஒண்ணா நனைங்க, ஒண்ணை மட்டும் விட்டுட்டா அதோட நிறம் தனியா நிக்கும்.

தையல்ல பீச்சுக்குன்னு சில விஷயம் இருக்கு. நூல், துணியை விட அரைப்படி கருக்கலா இருக்கணும். கண்டுல பார்க்கிறதை விட தைச்ச பிறகு நூல் வெளுத்துத் தெரியும். காலர்ல விறைப்புக்கு உள்ள வைக்கிற கேன்வாஸ் வெள்ளையா, மெல்லிசா இருக்கணும். தடிச்ச கேன்வாஸோட பசை வெளிர் துணியில புள்ளி புள்ளியா மேல தெரியும், சூடு அதிகமான இஸ்திரி பட்டா கொப்புளம் கட்டும். மெல்லிய துணின்னா உள் விளிம்பு நிழல் மாதிரி வெளிய தெரியும், அதனால விளிம்பு உள்ளயே மறையுற மாதிரி ரெண்டு தையல் போடச் சொல்லுங்க. கூலி கொஞ்சம் கூடும், குடுங்க.

பக்கத்து ஓப்பன், அதாவது ரெண்டு பக்கமும் கீழ விடுற திறப்பு, 42 நீளத்துக்கு 16 முதல் 18 அங்குலம். அதுக்குக் குறைஞ்சா மணையில சம்மணம் போட்டு உட்காரும்போது ஓப்பன் ஆரம்பிக்கிற இடத்துல கிழியும். அந்த இடத்துல உள்ள ஒரு சின்னத் துண்டு வச்சு நெருக்கமா நாலு தையல் போடணும். கம்புக்கூட்டை, அதாவது அக்குள் வளைவை, ரொம்ப இறக்கி வெட்டினா கையைத் தூக்கும்போது குர்தாவே மேல ஏறும். கழுத்துப்பட்டி ஒண்ணேகால் அங்குலம், 46 மார்புக்காரருக்கும் கழுத்து குட்டையானவங்களுக்கும் 1 அங்குலம் போதும். 14 வயசுப் பையனுக்கு அளவைக் கடைசியா எடுங்க, மடிப்புல 2 அங்குலம் கூட விடுங்க. கல்யாணத்துக்கு 10 நாள் முன்னாடி ஒரு தடவை போட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்துடணும்.

தென்காசிச்சாரல்:

கணக்கு புரிந்தது, நன்றி அண்ணா. துணி விஷயத்தில் ராசில்க், சந்தேரி, லினன் மூன்றையும் காட்டினார்கள். பையனுக்கு லக்னோ சிக்கன் வேலைப்பாடு போட்டதும் பிடித்திருக்கிறது. காலை நலங்குக்கும் இதையே போட்டுக்கொள்ளலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

சாயத்தொட்டி:

நலங்குக்கு வேண்டவே வேண்டாம். மஞ்சள், சந்தனம், வெயில், வியர்வை எல்லாம் ஒரே இடத்தில். அதற்குச் சாதாரணப் பருத்திச் சட்டை போதும்.

மாலை ஏசி மண்டபம் என்பதால் ராசில்க் தாங்கும், விறைப்பாக நிற்பதால் தொப்பையையும் மறைக்கும். ஆனால் சொட்டு நீர் பட்டாலும் தடம் நிற்கும். வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்களிடம் கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள், மேலே தெளிக்க விடாதீர்கள். பட்டு என்று சொல்லி விற்றால் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விளிம்பிலிருந்து ஒரு இழை உருவிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பாலியஸ்டர் ராசில்க்கில் வியர்வை வெளியேறாது, மூன்று மணி நேரம் நிற்கிறவருக்கு அது தண்டனை.

சந்தேரி மத்தியப் பிரதேசத்துத் துணி. பட்டு இழையும் பருத்தி இழையும் கலந்து நெய்தது அதிகம் கிடைக்கும். கனமே இருக்காது, அழகு. ஆனால் கண்ணாடி மாதிரித் தெரியும், லைனிங் இல்லாமல் போட முடியாது. லைனிங் மெல்லிய பருத்தியில், அதே பீச்சிலோ தோல் நிறத்திலோ. வெள்ளை லைனிங் கொடுத்தால் மேல் நிறம் ஒரு படி வெளுத்துவிடும். அதற்கு ஏற்ப ஷேடைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். லினன் கசங்கும், ஆனால் வியர்வைக்கு இதைப்போல் வேறில்லை. என் தேர்வு உங்கள் ஐந்து பேருக்கும் பட்டும் பருத்தியும் கலந்த, கொஞ்சம் கெட்டியான சில்க் காட்டன். விரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், விரல்கள் தனித்தனியாகத் தெரியாவிட்டால் லைனிங் தேவையில்லை.

சிக்கன் வேலைக்கு வடிவத்தை நீல மையில் அச்சடித்துத்தான் ஊசி போடுவார்கள். சரியாக அலசாத துணியில் அந்த நீலம் மிச்சம் நிற்கும், பீச்சின் மேல் அழுக்கு போலத் தெரியும். பின்பக்கம் திருப்பி நூலுக்கு அடியில் பாருங்கள். பையனுக்கு மட்டும் வேலைப்பாடு வேண்டுமென்றால் அதே ரோல் துணியில் கழுத்துக்கும் முன்பட்டிக்கும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ஷேட் மாறாது.

வண்ணான்துறை:

கீழே என்ன போடுவது என்பதற்கு ஒரே விதி: தும்பைப்பூ வெள்ளை வேண்டாம். நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் நீலச்சாயல் இருக்கும், அதன் பக்கத்தில் பீச் பழுப்பேறியது போலத் தெரியும். ஹாஃப் ஒயிட் பட்டு வேட்டி, மெல்லிய தங்கக் கரையோடு, மிகப் பொருத்தம். ரோஸ் சாய்ந்த பீச்சுக்கு வெள்ளிக் கரையும் நன்றாக இருக்கும். வேட்டி என்று முடிவானால் குர்தா நீளத்தைத் தொடையின் நடுப்பகுதியோடு நிறுத்துங்கள், முழங்கால்வரை வந்தால் வேட்டி இருப்பதே தெரியாது. இதைத் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். செருப்பு இளம் பழுப்பு, கறுப்பு ஷூ கீழே தனியாக நிற்கும்.

உள்ளே வெள்ளைப் பனியன்தான் அதிகம் தெரியும். தோல் நிறத்தில் அல்லது இளம் சாம்பலில் எடுங்கள், கருப்பான உடம்புக்குச் சாம்பல் இன்னும் மறையும். கையில்லாத பனியனின் தோள் விளிம்பு கோடாகத் தெரியும், அரைக்கை போட்டால் அந்தக் கோடு மறையும், அக்குள் வியர்வையையும் அது குடித்துக்கொள்ளும். டியோடரன்ட் போட்டால் 10 நிமிடம் காய்ந்த பிறகு குர்தா. சென்ட்டைத் துணியில் அடிக்கவே கூடாது, பட்டில் வட்டமாகக் கறை நிற்கும்.

பந்தியில் முழுக்கையை 3 அங்குல அகலத்தில் இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு உட்காருங்கள். ரசம் விழுந்தால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் என்றால் டால்கம் பவுடர் தூவி 20 நிமிடம் விட்டு உதறுங்கள். குங்குமம் காய்ந்த தூளாக விழுந்தால் ஈரத்தைக் காட்டக் கூடாது. உதறிவிட்டு, செலோடேப்பை மெதுவாக ஒட்டி எடுத்தால் போய்விடும். ஈரக் கைக்குட்டையால் துடைத்தால் அந்த நொடியே சிவப்பாக இறங்கிவிடும். கழுத்தில் போடும் மாலையில் லில்லிப் பூ இருந்தால் அதன் மகரந்தத்துக்கும் இதே வழிதான்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். பயந்துபோய் இன்னும் தேய்ப்பார்கள். மஞ்சளுக்குக் காரத்தில் சிவக்கும் குணம், சோப்பு அலசிப் போனதும் மஞ்சளுக்கே திரும்பும். மஞ்சளை வெளுப்பது வெயில்தான். ஆனால் வெயில் பீச் சாயத்தையும் வெளுக்கும். ஆகவே கறை இருக்கும் இடத்தை மட்டும் ஈரமாக வெயிலில் காட்டி, சுற்றிலும் கெட்டித் துணியால் மூடி, அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். இது பருத்திக்கு. பட்டு, சில்க் காட்டன் இரண்டுக்கும் டிரை கிளீனிங்கில் கொடுத்து, இது மஞ்சள் கறை என்று சொல்லிக் காட்டுங்கள். பிளீச்சிங் திரவம் பட்டைக் கரைத்துவிடும், பருத்தியிலும் பீச்சை வெள்ளைத் திட்டாக்கிவிடும்.

கத்தரிமேசை:

பொத்தான் பத்தி யாரும் சொல்லலை. தங்க முலாம் பூசின பிளாஸ்டிக் பொத்தான் டிரை கிளீனிங்ல உரிஞ்சு துணியில ஒட்டிக்கும். உலோகப் பொத்தான்னா கழட்டி மாட்டுற வகை எடுங்க, ரெண்டு பக்கமும் காஜா போட்டுத் தரச் சொல்லுங்க. தங்கக் கரை வேட்டின்னா பழந்தங்க நிறம், பளபளன்னு இருக்கிறது வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு பொத்தான் கூட வாங்கிப் பையில தைச்சு வைங்க. வெட்டின துண்டுல ஒரு சாண் எடுத்து மடிச்சு வைங்க, நாளைக்கு ஒரு இடம் கிழிஞ்சா அந்த ஷேட் வேற எங்கயும் கிடைக்காது.